மாஷிமா படுத்துப் பார்த்த திரை

மாஷிமாவோடு கடைக்குப் போவதென்றால் நான் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். எதிரில் நிற்கிறவர்கள் சிரிப்பது என் கண்ணில் படாமல் இருக்க அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

அவர் தூத்துக்குடிக்காரர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் கல்யாணமான கையோடு கல்கத்தா வந்தவர். டாக்குரியாவில் எங்கள் கட்டடத்துக்கு மீன் கொண்டுவருகிறவரிலிருந்து முதல் மாடி டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் மாஷிமா. வங்காளத்தில் அது பெரியம்மா, சித்தி முறை. அவருடைய கணவரை மட்டும் நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் அண்ணாச்சி என்போம். சித்தியின் வீட்டுக்காரர் எப்படி அண்ணன் ஆவார் என்று ஒருவரும் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேங்க் மாற்றலில் திருச்சியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய எனக்கும் இந்தக் குளறுபடி சீக்கிரமே பழகிவிட்டது.

வந்த புதிதில் ஒருநாள் செருப்பு வாங்கப் போகிறேன், துணைக்கு வாருங்கள் என்றார். சரி, பெரியவர் கூப்பிடுகிறாரே என்று போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் சின்னக் கடை. ஒரு ஜோடியைக் காலில் மாட்டினார். குனிந்து பார்த்தார். பிறகு காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். கடைக்காரர் பதறியடித்துப் பின்னால் ஓட, அவர் பின்னால் நான் ஓட, மாஷிமா அதற்குள் ரயில்வே மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியிருந்தார். மறுகோடி வரை நடந்து, இறங்கி, மறுபடி ஏறித் திரும்பி வந்தார். கூடவே வந்த கடைக்காரருக்கும் ஆர்வம் பிறந்துவிட்டது போல. குதிகால் எப்படி இருக்கிறது என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது வழுக்குகிறது என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

திரும்பும் வழியில் என் முகத்தைப் பார்த்தவர் சமாதானம் சொன்னார்.

"கண்ணால பாத்து என்னத்தக் கண்டோம் தம்பி? எப்படிப் பொழங்கப் போறோமோ அப்படிப் பொழங்கிப் பாக்கணும்லா."

அவ்வளவுதான் மாஷிமா. குடை வாங்கினால் கடைக்காரர் ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்ற வேண்டும். நாற்காலி வாங்கினால் அதில் உட்கார்ந்து பட்டாணி உரித்து முடித்த பிறகுதான் பேச்சே. பட்டாணியை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுவார். கரியாஹாட் கடைகளில் அவரைக் கண்டதும் சிலர் ஷட்டரை இழுத்துவிடுவார்கள் என்று அண்ணாச்சி சொல்வார். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அண்ணாச்சி மனைவியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், அதில் அவருக்கு ஒரு பெருமை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பாலிகஞ்சில் ஒரு வீடு பார்த்தேன். நல்ல வெளிச்சம், நல்ல காற்று, வாசலிலேயே பஸ். வீட்டுக்காரர் ரிட்டையர்டான வங்காளிப் பெரியவர், மரியாதைப்பட்டவர். மாஷிமா வந்து சுற்றிப் பார்த்தார். நான் பயந்தபடியே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவிழ்த்திருக்கிறார், உள்ளே வற்றல் மிளகாய், அதை அங்கிருந்த அடுப்பில் போட்டு வறுத்துவிட்டார். சற்று நேரத்தில் பெரியவர் வீட்டில் அத்தனை பேரும் தும்ம ஆரம்பித்தார்கள். பெரியவருக்குக் கண்ணில் நீர் வழிகிறது, என்ன நடந்தது என்று கேட்கக்கூட முடியவில்லை. மாஷிமா நிதானமாக வெளியே வந்தார். புகை நேராகப் படுக்கையறைக்குத்தான் போகிறது, இந்த வீட்டில் உங்கள் பெண்டாட்டி நீங்கள் திட்டாமலே தினமும் அழுவாள் என்று தீர்ப்புச் சொன்னார். வீடு கைவிட்டுப் போயிற்று. கடைசியில் மாஷிமா வீட்டுக்குக் கீழ் வீடே காலியாகி அதிலேயே குடிபோனோம். அங்கே புகை ஒழுங்காக வெளியே போனது, அதையும் அவரே தாளித்துப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளை பார்த்த கதை இதற்கெல்லாம் மேலே. மாஷிமாவுக்கு ஒரே மகள், இன்ஜினியரிங் படித்தவள். பெண் பார்க்க வந்த பையன் சென்னைக்காரன், அமெரிக்காவில் வேலை. பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும், வாருங்கள் தம்பி, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி மாஷிமா அவனை ஆபீஸ் நேரத்து மினிபஸ்ஸில் ஏற்றிவிட்டார். கல்கத்தா மினிபஸ்ஸில் நிமிர்ந்து நிற்க முடியாது, கூரை தலையில் இடிக்கும். அந்தப் பையன் குனிந்தபடி, நசுங்கியபடி, இஸ்திரி போட்ட சட்டை கசங்க, ஒரு வயதான அம்மாளின் கோழிக்கூடையை வாங்கித் தன் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு டாலிகஞ்ச் வரை போய் வந்தான். கோபப்படவில்லை. மாஷிமா வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சியிடம் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை இன்றும் அந்தக் கோழியைத்தான் தன் கல்யாணத் தரகர் என்பான்.

அந்த மகளும் மாப்பிள்ளையும்தான் ஒருமுறை ஊருக்கு வந்தபோது அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் முகம் பார்த்துப் பேசுவதற்கு. மாஷிமா அதைச் சோதித்த விதத்தைச் சொல்லவேண்டாம், மகளை உள்ளூர் இன்டர்நெட் கடைக்கு அனுப்பி அங்கிருந்து பேச வைத்துப் பார்த்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் அண்ணாச்சி குளியலறையில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. வீட்டிலேயே மல்லாந்து படுத்துக் கிடக்க வேண்டும், தலையணைகூட வைக்கக் கூடாது, தலையைத் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் ஆபரேஷன். அது நல்லபடியாக முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் அண்ணாச்சியின் வயதைச் சொன்னாரே தவிர வேறு எதையும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. விஜயதசமி கழிந்து வரும் பௌர்ணமியில், வங்காளிகளின் லக்ஷ்மி பூஜை அன்று பேர் வைக்கிறார்கள். தாத்தாதான் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும், அவர் சொல்லித்தான் நாங்கள் கூப்பிடுவோம் என்று மகள் சொல்லிவிட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் பேத்தி முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். மாஷிமாவிடம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த நிலைமையில்தான் சரஸ்வதி பூஜை வந்தது. மாஷிமா வழக்கம்போலப் புத்தகங்களை அடுக்கினார். லேப்டாப்பும் படிப்பைச் சேர்ந்ததுதானே, அதை மட்டும் வெளியே விடலாமா? அதற்கும் சந்தனம், குங்குமம். புத்தகமென்றால் நடுவில் பூவும் அட்சதையும் வைப்போமே, அதே மாதிரி இதைத் திறந்து எழுத்துக் கட்டைகள் மேல் வெற்றிலை வைத்து, ஒரு செவ்வந்திப் பூ வைத்து, முழு உருண்டைக் கொட்டைப்பாக்கு ஒன்றையும் வைத்து மெதுவாகத்தான் மூடியிருக்கிறார். மேலே மகளின் இன்ஜினியரிங் புத்தகங்கள். அதற்கும் மேலே அண்ணாச்சியின் தலையணை தண்டி அகராதி.

விஜயதசமி அன்று காலையில் தெருவில் டாக் என்கிற பூஜை மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் திரை முழுக்க விரிசல். பாக்கு வைத்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் கோடு ஓடியிருந்தது. உலகத்தில் உள்ள அத்தனையையும் பொழங்கிப் பார்த்தவர், கொட்டைப்பாக்கு வைத்தால் லேப்டாப் மூடுமா என்று மட்டும் பார்க்கவில்லை. வேறு நேரமாக இருந்தால் நான் இதை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பேன். அன்று அவர் தரையில் உட்கார்ந்து பாக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது.

எங்கள் வீட்டில் இருந்த பெட்டி மானிட்டரைத் தூக்கிவந்து லேப்டாப்போடு மாட்டலாம் என்றேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைத் தவிர வேறெதுவும் நுழையாது. மானிட்டர் எடைக்கு அம்மிக்கல்லை ஸ்டூல் மேல் வைத்துப் பார்த்தார் மாஷிமா. ஸ்டூல் சாய்ந்தது, என் கால் கட்டைவிரல் தப்பித்தது தெய்வச் செயல்.

பூஜை நாளில் கல்கத்தாவில் திரை மாற்ற ஆள் தேடுவதை நினைத்துப் பாருங்கள். ஊரே பந்தலில் இருக்கிறது. ஏகாதசிக்கு மறுநாள்தான் சாந்தினி மார்க்கெட்டில் ஒன்றிரண்டு கடை திறந்தது. முதல் கடையில் ஒரு வங்காளி மெக்கானிக், நாற்பது வயதிருக்கும், கைராசிக்காரர் என்று பேர். அதே அளவுத் திரை கையிருப்பில் இருக்கிறது என்று சொல்லி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, எரியவிட்டுக் காட்டினார். பளபளவென்று கண்ணைப் பறித்தது. பழையதைவிட நன்றாக இருக்கிறதே என்று நான் பர்ஸை எடுத்தேன்.

மாஷிமா அந்தக் கடை பெஞ்சின் மேல் கிடந்த சாமான்களை ஒதுக்கினார். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டார். கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்சில் மல்லாந்து படுத்துவிட்டார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

லேப்டாப்பை ஸ்டூலில், தன் தலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மெக்கானிக் வாயைத் திறந்தவர் மூடாமலே வைத்தார். மாஷிமா கீழேயிருந்து பார்த்தார், தலையைத் தூக்காமல், அண்ணாச்சி எப்படிப் பார்ப்பாரோ அப்படியே. பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். திரையில் மகளின் போட்டோ. நேரே நின்று பார்த்தால் ரோஜா நிறத்தில் இருந்த முகம், கீழேயிருந்து பார்த்தால் ஃபிலிம் நெகட்டிவ் மாதிரிக் கறுத்துப் பல் மட்டும் தெரிந்தது. போதாக்குறைக்கு அந்தப் பளபளப்பில் கடையின் மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. உடைந்த திரை அப்படி இல்லை. அது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாதது, வெளிச்சம் பட்டாலும் மினுங்காதது. அதுவரை எங்களுக்கு அது ஒரு விசேஷம் என்றே தெரியாது.

எந்த மனுஷர் படுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பார்ப்பார் மாஷிமா என்று மெக்கானிக் கேட்டார். என் வீட்டு மனுஷர் என்றார் இவர், படுத்தபடியே. மூடியைக் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்துக்கொள்ளலாமே என்றார் அவர். சாய்த்தால் மேலே இருக்கும் கேமராவில் போர்வைதான் தெரியும், மகளுக்கு அப்பா முகம் வேண்டாமா என்றார் இவர். நான் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்று வீரமாகச் சொன்னேன்.

"நீங்க சும்மா இரிங்க தம்பி. கை நடுங்கி அவிய நெஞ்சுல போட்டுட்டா நான் எங்க போவேன்?"

அந்த மாதிரித் திரை கல்கத்தாவில் கிடையாது, டெல்லிக்குச் சொல்லி அனுப்பி வர நாளாகும் என்றார் மெக்கானிக். மாஷிமா எழுந்து அடுத்த கடைக்கு நடந்தார். அங்கேயும் ஒரு திரை, அங்கேயும் படுத்தார். அதற்கடுத்த கடையிலும் படுத்தார். சாயங்காலத்துக்குள் சாந்தினி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒரு கடைக்காரர் நாங்கள் நுழையும் முன்பே பெஞ்சில் பேப்பர் விரித்து வைத்திருந்தார். இன்னொருவர் தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு சோபா திண்டையே நீட்டினார், அது கூடாது, தலையணை இல்லாமல்தான் பார்க்க வேண்டும் என்று மாஷிமா திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாத் திரையும் கீழேயிருந்து கறுத்தது. கடைசிக் கடையில் படுத்தவர் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் அவர் கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் அந்த முதல் மெக்கானிக்கே போன் செய்தார். இரவெல்லாம் மனசு கேட்கவில்லை என்றார். டாலிகஞ்சில் கம்ப்யூட்டரில் சினிமா போஸ்டர் வரைகிற ஒருவர் இதே மாடல் லேப்டாப் வைத்திருந்தாராம். நிறம் பிசகாமல் தெரிய வேண்டும் என்று தேடி வாங்கியது. உள்ளே போர்டு செத்துப்போய் மூலையில் கிடக்கிறது, ஆனால் கொடுக்க மாட்டேன் என்கிறார், நீங்களே வந்து கேளுங்கள் என்றார்.

போனோம். போஸ்டர்காரர் அந்தச் செத்த லேப்டாப்பைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். என்றைக்காவது உயிர் வரும் என்று ஒரு நம்பிக்கை. மாஷிமா அவருடைய அறைத் தரையிலேயே படுத்து, அண்ணாச்சி கிடக்கும் கிடை இதுதான், பேத்தி முகம் இங்கே வர வேண்டும் என்று கையால் காட்டினார். அந்த மனிதர் துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்.

ஆனால் ஒரு சங்கடம். செத்த லேப்டாப்பின் திரை எரியாதே, எதை வைத்துச் சோதிப்பது? இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார், விரலால் தடவினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மாஷிமா ஒரு பொருளைப் பொழங்கிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் வரும்போது அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

லக்ஷ்மி பூஜை அன்று கடை கிடையாது. மெக்கானிக் தன் வீட்டுப் பூஜையை மனைவியிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் எங்கள் கட்டடத்துக்கே வந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திரையை மாட்டினார். நாங்கள் சுற்றி நின்றோம். எரிந்தது. ஓரத்தில் சின்னக் கீறல், மற்றபடி குறையில்லை. நேரே பார்க்க நன்றாகவே இருந்தது. நேரே பார்த்து என்ன பிரயோஜனம்?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்தோம். அண்ணாச்சிக்குக் கண் வியர்த்திருந்தது, அவரைக் கேட்டால் எதையும் நன்றாகத் தெரிகிறது என்றுதான் சொல்வார் என்பது மாஷிமாவுக்குத் தெரியும். கையை மட்டும் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்றார். அந்த ஒற்றைக் கட்டிலின் விளிம்பில், அத்தனை பேர் முன்னால், அவர் தோளுக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்தார். பின்னாளில் அண்ணாச்சி கைத்தடி ஊன்றி ஏரிக்கரை வரை நடந்தார், அந்தக் கைத்தடியை மாஷிமா எப்படிச் சோதித்தார் என்பதெல்லாம் வேறு கதை. அன்று அது எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் மாஷிமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரியுது," என்றார். "அப்படியே தெரியுது."

அவர் எழுந்திருக்கும் முன்பே மணி அடித்துவிட்டது. மகள்தான். நான் பட்டனை அமுக்கினேன். அங்கே காலை, நல்ல வெயில். மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டியிருந்தான். மகள் குழந்தையைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். சிவந்த, சுருங்கிய, கோபமான முகம். கறுக்கவில்லை, மினுங்கவில்லை. அண்ணாச்சி மூச்சு விடவும் மறந்து பார்த்தார்.

நீ எதுக்கும்மா படுத்திருக்க, உனக்கும் முடியலையா என்று மகள் பதறினாள். மாஷிமா வெட்கப்பட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"அசையாத. கட்டில் ஆடுது," என்றார் அண்ணாச்சி.

மாஷிமா அப்படியே கிடந்தார்.

என்ன பேர் என்று அண்ணாச்சி கேட்டார். மகள் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அம்மா பேர்தான் அப்பா என்றாள்.

அண்ணாச்சி மனைவியை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். பேர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை, அவர்கள் மகளும் கேட்டிருக்க மாட்டாள். பக்கத்து வீட்டில் லக்ஷ்மி பூஜைக்குச் சங்கு ஊதினார்கள். அது அடங்கும் வரை காத்திருந்தார். முதல் தடவை சொன்னபோது குரல் கரகரத்துப் பாதி எழுத்துதான் வெளியே வந்தது. இரண்டாவது தடவை தெளிவாக வந்தது. அந்தப் பேரை நானும் அன்றுதான் கேட்டேன். மாஷிமா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது தடவை சொல்லும்போது அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கண்ணைத் திருப்பி, பக்கத்தில் கிடந்தவரைப் பார்த்துச் சொன்னார்.

மாஷிமா முந்தானையை எடுக்காமலே அதட்டினார்.

"அங்கன பிள்ளையப் பாத்துச் சொல்லுங்க. இதுக்கா நான் கடை கடையாப் போயிப் படுத்துக் கெடந்தேன்?"